பைக்லெட்டின் பட்டினி

“முயலுக்குக் கல்லீரல்னு ஒண்ணு இருக்கா என்ன?”

பண்ணைச் சாமான் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்த ரேலீன் ஐல்சாவைப் பார்த்துக் கேட்டாள். கேட்டதில் பாதி கேலி, பாதி நிஜமான சந்தேகம். ஈஸ்டர் வேட்டைக்கு முந்தின வியாழக்கிழமை என்பதால் கடை நெரிசலாக இருந்தது. தோட்டா வாங்குகிறவர்களும் தலையில் கட்டும் விளக்குக்கு பேட்டரி வாங்குகிறவர்களும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் அவள் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

“இருக்கு” என்றாள், கல்லாப்பெட்டியைப் பார்த்து.

“இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு இப்ப என்ன?”

“உடம்பு முடியல. சாப்பிட மாட்டேங்குது. புல்லை மாவாட்டம் அரைச்சுப் பொட்டலமா விக்கிறாங்களாமே, தண்ணியில கரைச்சு ஊட்டுறதுக்கு. அது இருக்கா?”

ரேலீன் தன் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியைக் கட்டைவிரலால் காட்டினாள். “முயலைக் கொல்ற மருந்து வேணுமா, தினுசு தினுசா இருக்கு. கேரட்டுல தடவறது, ஓட்ஸுல கலக்கறது, பொந்துக்குள்ள புகை போடறது. பொழைக்க வைக்கிற மருந்து கேட்டு இந்தக் கடைப்படி ஏறின மொத ஆளு நீதான் கண்ணு.”

வரிசை மொத்தமும் சிரித்தது. ஐல்சா ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டுகிற பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காதுமடல் இரண்டும் எரிந்தன.

ரேலீனைக் குறை சொல்லிப் பயனில்லை. மத்திய ஒட்டாகோவின் அந்த மலைகளில் புல் முளைக்கிறதோ இல்லையோ, முயல் முளைத்துவிடும். ஆடு தின்ன வேண்டியதை முயல் தின்றுவிட்டுப் போக, வெறும் பாறையும் காட்டுத் தைம் செடியும்தான் மிஞ்சும். ஆகவே ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு ஊரே துப்பாக்கியும் கையுமாக மலையேறும். பெரிய வெள்ளியன்று காலையில் போகிற குழுக்கள் சனிக்கிழமை நண்பகலில் இறங்கிவந்து, சுட்டதை ஆற்றங்கரைப் புல்வெளியில் வரிசையாகப் பரப்பும். அதிகம் சுட்ட குழுவுக்குக் கோப்பை. அப்படிப்பட்ட ஊரில், காது தொங்கும் பழுப்புநிற முயல் ஒன்றுக்கு பைக்லெட் என்று பலகாரத்தின் பெயரை வைத்து மடியில் போட்டு வளர்த்தவள் ஐல்சா ஒருத்திதான். பெயருக்கேற்றாற்போல் அதுவும் வட்டமாக, தடிமனாக, பொன்னிறமாக இருந்தது. கொழுத்துத்தான் இருந்தது. அதை அவளும் மறுத்ததில்லை.

அன்று மதியம்தான் அவள் ஊர் திரும்பியிருந்தாள். அக்கா ஷோனாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவும் அவளும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் காரில் இன்வெர்கார்கில் போனார்கள். அம்மா காரோடு அங்கேயே தங்கிவிட, ஐல்சா மட்டும் பஸ்ஸில் வந்தாள். பையைக்கூட இறக்கிவைக்காமல் நேராகக் கொட்டகைக்குப் போனாள். பைக்லெட் கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. புல் வைக்கும் தட்டி காலி. தீவனக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கூண்டுக்குள் தேடிப்பார்த்தும் ஒரு புழுக்கைகூட இல்லை.

அப்பா மர்டோ கொட்டகை வாசலில் நாய்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.

“புல் எங்கேப்பா?”

“எடுத்துட்டேன்.”

“எப்ப?”

“திங்கக்கிழமை. தீவனத்தைக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருந்துச்சு. புழுக்கையும் இளகலா இருந்துச்சு. சரி, வயிறு கெட்டுப்போச்சுன்னு சுத்தமா காயப் போட்டுட்டேன். தண்ணி வெச்சேன். நீ பயப்படாத, தினமும் வந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

பாராட்டை எதிர்பார்க்கிற குரல் அது. லங்கணம் பரம ஔஷதம் என்பதுதான் மர்டோவின் மருத்துவ சாஸ்திரம் முழுவதும். ஆடு மேய்க்கிற நாய்களுக்கு அவர்தான் அந்த வட்டாரத்தின் வைத்தியர். கண்டதைத் தின்று வாந்தியெடுக்கிற நாயை டாக்டரிடம் கொண்டுபோகுமுன் மர்டோவிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் அதைக் கட்டிப்போட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, ஒருநாள் இரண்டுநாள் பட்டினி போடுவார். நாய் எழுந்து வாலை ஆட்டும். ஊர் அவர் தோளைத் தட்டும். நாய்க்குச் சரிப்பட்டது முயலுக்குச் சரிப்படாது என்று அவருக்குச் சொல்ல யாருமில்லை.

ஐல்சா காய்ந்த புல்லை அள்ளி வைத்தாள். கொத்தமல்லித் தழை வைத்தாள். பைக்லெட்டுக்கு உயிரான டேண்டேலியன் இலையைப் பறித்துவந்து மூக்கருகே நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசித்த முயல் தின்னும். பசியைத் தாண்டிப்போன முயலுக்குத் தின்னத் தோன்றுவதில்லை.

உள்ளூர் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எடுத்த நர்ஸ், “என்ன ஆச்சு, சொல்லுங்க” என்றாள்.

“என் முயல்... வந்து... திங்கக்கிழமைலேர்ந்து...”

அவளுக்கு எப்போதும் இதுதான். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்து, நீ முந்திப் போ நான் முந்திப் போக மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் நின்ற மர்டோ பொறுமையிழந்து போனை வாங்கிவிட்டார்.

“நான் மர்டோ பேசறேன்மா. பொண்ணோட முயல். சாப்பாட்டை நிறுத்திடுச்சு, மூலையில சுருண்டு கிடக்குது. காலிசிதான், வேறென்ன? ம்... ம்... ஆமா... சரி, நானும் அதான் நெனச்சேன்.”

காலிசி என்பது முயல்களை ஒழிப்பதற்கென்றே அந்த மலைகளில் பரப்பிவிட்ட கிருமி. முயலின் கல்லீரலைத்தான் அது அழிக்கும். வந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும், வைத்தியமும் கிடையாது. அந்த ஊரில் எந்த முயல் தலையைத் தொங்கப்போட்டாலும் காலிசி என்றுதான் சொல்வார்கள். மேலே கேள்வி கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“அங்க தூக்கிட்டு வரக்கூடாதாம், மத்த முயலுக்கு ஒட்டிக்குமாம். டாக்டர் ஃபெர்கஸும் நாளைக்கு எங்களோட மலைக்குத்தான் வர்றாரு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் லீவு.”

“தடுப்பூசி போட்டிருக்குப்பா. அதுவும், அதுவா நிறுத்தல. நீங்கதான்...”

“நான்தான் என்ன?”

“ஒண்ணுமில்ல.”

துணி துவைக்கிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, டுனீடினில் இருக்கிற பெரிய கால்நடை மருத்துவமனை ஒன்றுக்கு அவளே போன் செய்தாள். எடுத்தவன் இளைஞன். அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் விக்கி விக்கிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.

“குண்டு முயலா?”

“ரொம்ப.”

“அதுதாங்க ஆபத்து. குண்டு முயல் பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பெல்லாம் கரைஞ்சு கல்லீரல்ல போய் அடைச்சுக்கும். அடைச்சுக்கிட்டா பசியே செத்துப்போயிடும். பசி செத்தா இன்னும் கொழுப்பு கரையும். செக்கு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். மூச்சுல நகப்பூச்சு அழிக்கிற திரவத்தோட வாடை அடிச்சா முத்திடுச்சுன்னு அர்த்தம். அதை நிறுத்தணும்னா எப்படியாவது வயித்துக்குள்ள சாப்பாடு போகணும். தோலுக்கடியில தண்ணி ஏத்தணும், வலிக்கு மருந்து, குடல் அசையறதுக்கு மருந்து எல்லாம் வேணும். நேர்ல பாக்காம அதைக் குடுக்க முடியாது. கூட்டிட்டு வர முடியுமா?”

அவள் கூடத்துக்குப் போனாள். மர்டோ துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டுனீடினா?” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காலையில டீம் கிளம்புது. முயல் சுடற மர்டோ முயலை மடியில வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்னு தெரிஞ்சா, அப்புறம் எந்த நாயும் என்னை மதிக்காது.”

“பட்டினி போடவே கூடாதுங்கிறாங்கப்பா.”

“யாரு? போன்ல எவனோ ஒருத்தன், முயலைக் கண்ணால பாக்காமலே சொல்றானா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் வைத்தியம் பாக்கறேன். போ, போய்த் தூங்கு. காலையில அதுவா தின்னும். தின்னலன்னா சொல்லு, வலியில்லாம ஒரே தட்டுல முடிச்சுடறேன். அதுவும் ஒரு புண்ணியம்தான்.”

அந்தப் புண்ணியம் வேண்டாமென்றுதான் அவள் கடை மூடுமுன் ரேலீனிடம் ஓடினாள். அங்கே நடந்ததுதான் முதலில் சொன்னது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் மர்டோ தன் பிக்கப் வண்டியில் போய்விட்டார். வீட்டில் ஐல்சாவும் முயலும்தான். புல் மாவு கிடைக்காததால், டுனீடின் இளைஞன் சொன்ன மாற்று வழிப்படி முயல் தீவனத்தையே வெந்நீரில் ஊறவைத்து நசுக்கினாள். கூழ் பச்சையாக, வெட்டிய புல்லின் வாசத்தோடு இருந்தது. பைக்லெட்டைத் துண்டில் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டு, முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கிற இடைவெளியில் சிரிஞ்சின் முனையைச் செருகி அழுத்தினாள். வரவில்லை. இன்னும் அழுத்தினாள். அடைத்திருந்த திப்பி திடீரென்று விட்டுக்கொள்ள, கூழ் மொத்தமும் சுவரில் போய் அடித்தது.

மறுபடி நசுக்கினாள். அம்மாவின் டீ வடிகட்டியில் வடித்தாள். இந்தத் தடவை நீர்த்துப்போய், முயலின் தாடை வழியாக வழிந்து துண்டு நனைந்தது. மறுபடி கெட்டியாக்கினாள். உள்ளே போன துளியை பைக்லெட் நாக்கால் தள்ளி வெளியே துப்பியது. “முழுங்கேன் சனியனே” என்று கத்திவிட்டு, கத்தியதற்காக அதன் காதைத் தடவிக் கொடுத்தாள். அது பல்லை நறநறவென்று கடித்தது. சுகத்தில் கடிக்கிற மெல்லிய ஓசை அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. இது வலியில் கடிப்பது.

போராடியதில் அரையும் குறையுமாக ஏதோ உள்ளே போயிற்று. சற்று ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். இடையிடையே ஃபெர்கஸின் அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த எல்லைக்கு வெளியிலிருந்துதான் மலைமேல் துப்பாக்கிச் சத்தம் பட்டாசுச் சரம்போல நாள் முழுக்கக் கேட்டது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், முயல் சுட்டுக்கொண்டிருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

சனிக்கிழமை காலையில் ஒரு மாற்றம் தெரிந்தது, அதுவும் கெட்ட மாற்றம். பைக்லெட்டின் மூச்சில், நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாடை அடித்தது. தலையைத் தூக்க அதற்குத் தெம்பில்லை. மலையேறியவர்கள் இறங்கிவரும் மதியம்வரை பொறுத்தாள். ஏப்ரிகாட் பழம் அடுக்குகிற அட்டைப்பெட்டியில் துண்டைப் போட்டு, அதில் முயலை வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

புல்வெளியில் கால் வைக்க இடமில்லை. செத்த முயல்கள் பத்துப் பத்தாக, ஒரே பக்கம் தலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. குழந்தைகள் சாக்லேட் முட்டையைத் தின்றுகொண்டே அவற்றை எண்ணின. இரத்த வாடையும் சாஸேஜ் வறுபடுகிற வாடையும் ஒன்றாகக் கலந்து வீசின. ஐல்சா எங்கும் பார்க்காமல் ஃபெர்கஸின் வெள்ளை வேனை நோக்கிப் போனாள்.

“மர்டோ! உன் பொண்ணு ஒண்ணை உசுரோட புடிச்சிட்டு வந்திருக்கா!” என்று கத்தினான் ஸ்டூயி. மர்டோவின் குழுவில் வாய் நீளமானவன் அவன்தான். “நம்ம கணக்குல சேத்துக்கோங்கப்பா!”

“கணக்குல சேத்தா எடைபோட்டும் சேக்கணும்டா. அது ஒண்ணே மூணுக்குச் சமம்” என்றான் இன்னொருவன். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

வேட்டை முடிந்ததும் டாக்டர் ஃபெர்கஸுக்கு எண்ணிக்கை சரிபார்க்கிற வேலை. மேலங்கியில் இரத்தம் காய்ந்திருந்தது. அவள் பெட்டியைக் கண்டதும் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தார்.

“இங்க தொறக்காத ஐல்சா. காலிசின்னு அப்பா சொன்னாரு. ஈ மொய்க்குது பாரு.”

“காலிசி இல்ல” என்றாள். அது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“என்னம்மா?”

“பாருங்க. ஒரு தடவை பாருங்க.”

அவள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அவர் குழாயடியில் கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து, வேனின் பின்கதவைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்தார். மர்டோவும் ஸ்டூயியும் பின்னாலேயே வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள். அவர்களில் பாதிப்பேரின் நாய்கள் மர்டோவிடம் வைத்தியம் பார்த்தவை.

“எப்பத்துலேர்ந்து சாப்பிடல?” என்று கேட்டார் ஃபெர்கஸ்.

“வியாழக்கிழமைலேர்ந்து” என்றார் மர்டோ. “அதுவா நிறுத்திடுச்சு.”

“மலையில காலிசில செத்தது அங்கங்க கிடந்துச்சு. நீங்க வேட்டைக்கு முன்னாடி இடம் பாக்க ஏறினீங்கல்ல மர்டோ? உங்க பூட்ஸுலயே வந்திருக்கும்” என்றார் ஃபெர்கஸ்.

“இருக்கும், இருக்கும்.”

“தடுப்பூசி போட்டிருக்கு” என்றாள் ஐல்சா.

“போட்டிருந்தாலும் சில சமயம் அதையும் மீறி வந்துடும்மா.” ஃபெர்கஸின் குரல் கனிந்திருந்தது. அந்தக் கனிவு அவளுக்குப் பயமாக இருந்தது.

“இழுத்துக்கிட்டுக் கிடக்குது, பாவம்” என்றார் மர்டோ. “முடிச்சு விட்டுடுங்க டாக்டர். பொண்ணுக்கு நான் வேற ஒண்ணு வாங்கித் தர்றேன்.”

ஃபெர்கஸ் பெட்டகத்தைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தார். பச்சைத் திரவம். பக்கத்து வீட்டுக் கிழட்டு நாய்க்கு அவர் அதைப் போட்டதை ஐல்சா பார்த்திருக்கிறாள். ஊசி குப்பிக்குள் இறங்கியது.

“திங்கக்கிழமை!”

கத்தியது தான்தான் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. ஸ்டூயியின் கையிலிருந்த சாஸேஜ் வாய்க்குப் போகாமல் நின்றது.

“வியாழக்கிழமை இல்ல, திங்கக்கிழமைலேர்ந்து. அதுவா நிறுத்தவும் இல்ல. அப்பாதான் நிறுத்தினாரு. புல்லு, தீவனம் எல்லாத்தையும் எடுத்துட்டாரு, நாய்க்குப் பண்ற மாதிரி. வியாழக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கற வரைக்கும் இது வாயில ஒரு இணுக்குப் புல்லு படல. காலிசின்னா இத்தனை நாள் தாங்குமா? மூச்சை மோந்து பாருங்க டாக்டர். கல்லீரல்ல கொழுப்பு அடைச்சிருக்கு. டுனீடின்ல சொன்னாங்க. நான் ரெண்டு நாளா ஊட்டிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் காதுல வாங்கலன்னா நான் என்னதான் பண்றது?”

ஃபெர்கஸ் ஊசியைக் கீழே வைத்தார். குனிந்து முயலின் வாயருகே முகர்ந்தார். விலா எலும்புக்குக் கீழே விரலை மெல்ல அமுக்கி, நகர்த்தி, மறுபடி அமுக்கினார். பிறகு திரும்பினார்.

“நெசமா மர்டோ?”

“வயிறு கெட்டிருந்துச்சு. ரெண்டு நாள் காயட்டும்னு...”

“நாய்க்குச் சரி. முயலை எவனாவது பட்டினி போடுவானா? அதுவும் இந்த மாதிரி பூசணிக்காயை?” பச்சைக் குப்பியைப் பெட்டகத்துக்குள் திரும்ப வைத்து மூடினார். “காலிசின்னு நம்பி ஊசியைப் போட்டிருப்பேனேய்யா. ஏம்மா, நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“பண்ணினேன்” என்றாள் ஐல்சா. “நாள் பூரா பண்ணினேன்.”

ஃபெர்கஸ் வேறொரு சிரிஞ்சை எடுத்தார். குளுக்கோஸ் கலந்த தண்ணீரைத் தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கிப்பிடித்து ஏற்றினார். தோலுக்கடியில் அது சின்னத் திமில்போல் உப்பி நின்றது. வலிக்கு ஒரு ஊசி, குடலுக்கு ஒரு ஊசி. பிறகு, ரேலீன் கடையில் கிடைக்காத அந்தப் புல் மாவை வேனின் இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். அது இரண்டு நாளாக மலைமேல்தான் இருந்திருக்கிறது. ஐல்சாவுக்கு அந்தப் பொட்டலத்தை அவர் முகத்திலேயே விட்டெறியலாம்போல இருந்தது.

“பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி. நீ ஊட்டினதாலதான் அந்தப் பாதியும். திங்கக்கிழமை வரைக்கும் ராத்திரி பகல் பாக்காம ஊட்டணும். தினமும் நானே வீட்டுக்கு வந்து தண்ணி ஏத்தறேன்.”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்டூயிதான் வாயைத் திறந்தான். “ஏன் மர்டோ, போன குளிர்காலத்துல என் கிழட்டு நாயை நாலு நாள் உங்கிட்ட விட்டிருந்தேனே... அது செத்தப்ப வயசாயிடுச்சுன்னு சொன்னியே...”

ஐல்சா மாவைக் குழைத்து, ஃபெர்கஸ் தந்த மெல்லிய சிரிஞ்சில் எடுத்து, பைக்லெட்டின் கடைவாயில் ஒரு துளி வைத்தாள். அது அப்படியே இருந்தது. வெகுநேரம் இருந்தது. பிறகு தாடை ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை. தொண்டை ஏறி இறங்கியது. அவள் இன்னொரு துளி வைத்தாள்.

நிமிர்ந்தபோது அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல உதடு பிரிந்தது. அவளும் காத்திருந்தாள். ஒலிபெருக்கியில் குழுக்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். மர்டோ தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். செத்த முயல்களின் வரிசைக்கு ஊடே, எதையும் மிதிக்காமல், ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, தன் வண்டியை நோக்கிப் போய்விட்டார்.